3 புலிகளை மடக்கும் 15 ஆடுகள்! மதுரை மந்தைகளில் நடக்கும் யுத்தம்

மதுரை,

மூன்று புலிகள். பதினைந்து ஆடுகள். இரண்டும் மோதினால் யார் ஜெயிப்பார்கள்?

"இதென்ன கேள்வி? புலிதான்!" என்று சட்டென்று சொல்பவர், மதுரைப் பக்கத்துக் கிராமத்து மந்தையில் ஒரு நாள்கூட உட்கார்ந்தது இல்லை என்று அர்த்தம்.

ஆடும் ஜெயிக்கும். ஒரு புலியைக்கூடக் கொல்லாமல் ஜெயிக்கும். நாலு பக்கமும் அடைத்து, அசைய விடாமல் மடக்கிப் போட்டுவிடும்!

ரத்தம் கிடையாது. போலீஸ் கேஸ் கிடையாது. வேண்டியது எல்லாம் ஒரு கரித்துண்டு, ஒரு கை புளியங்கொட்டை, எதிரே உட்கார ஒரு சிநேகிதர். அவ்வளவுதான்.

இதுதான் ஆடு புலி ஆட்டம்.

இந்தப் பெயரைத் தலைப்பில் போடாமல் பத்திரிகைகள் ஒரு தேர்தலையும் விட்டது இல்லை. 1977-ல் கமலஹாசனும் ரஜினிகாந்தும் சேர்ந்து நடித்த படத்துக்கும் இதே பெயர்தான். பெயர் எல்லோருக்கும் தெரியும். ஆடத் தெரிந்தவர்கள்தான் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

மந்தையில் மாலை நேரம்

மேலூர் ரோடு, உசிலம்பட்டி ரோடு, திருமங்கலம் ரோடு - எந்தப் பக்கம் போனாலும் பழைய ஊர்களில் ஒரு மந்தை உண்டு. ஒரு வேப்ப மரமோ, ஆல மரமோ நிற்கும். அதன் கீழ் கல் பாவிய மேடை. குனிந்து பார்த்தால் சில மேடைகளில் கோடுகள் தெரியும்.

அது சிற்பி போட்ட கோடு அல்ல. வேலை முடிந்து வந்து உட்கார்ந்தவன் போட்ட கோடு.

கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவர். அந்தப் பக்கம் ஒருவர். சுற்றி நாலு பேர். ஆடுகிறவர்களைவிட அந்த நாலு பேருக்குத்தான் வேகம் அதிகம்! பேச்சு இந்த மாதிரிப் போகும்:-

"மாமா, அங்கே வைக்காதீங்க. பின்னாலே இடம் சும்மா கிடக்கு. தாவிருவாரு."

"சும்மா இருப்பா. ஆடுறது நானா, நீயா?"

"அப்ப ஆடு போச்சுன்னு வச்சுக்கங்க."

டக்! ஆடு போயே விட்டது.

"சொன்னேன்ல?"

வெட்டிய புளியங்கொட்டை ஜெயித்தவர் தொடைக்குப் பக்கத்தில் போய்ச் சேரும். தோற்றவர் வெற்றிலையை எடுப்பார். எடுத்தால் யோசிக்க நேரம் கேட்கிறார் என்று அர்த்தம்!

கட்டம் போடுவது எப்படி?

தெரியாதவர்களுக்காக விவரம்:-

உச்சியில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அதில் இருந்து விசிறி மாதிரி கீழே நான்கு கோடுகள். அடி முனைகளை ஒரு கோட்டால் சேர்த்தால் கூடாரம் மாதிரி ஆகிவிடும். இனி, நடுவில் குறுக்கே மூன்று கோடுகள். அவை கூடாரத்துக்கு வெளியே இரண்டு பக்கமும் கொஞ்சம் நீள வேண்டும். நீண்ட முனைகளை இடது பக்கம் ஒரு கோடு, வலது பக்கம் ஒரு கோடு போட்டு மூடிவிட்டால் கட்டம் தயார்.

கோடும் கோடும் சந்திக்கிற இடங்களை எண்ணிப் பாருங்கள். 23 வரும். வராவிட்டால் எங்கோ கோடு தப்பு!

பல ஊர்களில் புலி 3, ஆடு 15 என்பது கணக்கு. புலிகள் முதலிலேயே வந்து உட்கார்ந்துவிடும். உச்சியில் ஒன்று, அதற்குக் கீழே நடுவில் இரண்டு. ஆடுகள் ஒவ்வொன்றாகத்தான் இறங்கும். ஒரு ஆடு வைத்தால் ஒரு புலி நகரும். 15 ஆடுகளும் இறங்கி முடியும்வரை வைத்த ஆடு வைத்த இடத்திலேயே நிற்க வேண்டும். பக்கத்தில் புலி வந்து நின்றாலும் ஓட முடியாது! இறங்கி முடிந்த பிறகுதான் ஒரு இடம், ஒரு இடமாக நகரலாம்.

புலியும் ஒரு இடம்தான் நகரும். ஆனால் ஒட்டி நிற்கிற ஆட்டை நேர்க்கோட்டில் தாண்டி, அடுத்த இடம் காலியாக இருந்தால் அதில் குதிக்கலாம். தாண்டிய ஆடு வெட்டு. அடுத்த இடம் காலி இல்லை என்றால் புலி வாயைத் திறந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

அதாவது, ஆட்டுக்குக் கொம்பு பாதுகாப்பு அல்ல. பின்னால் நிற்கிற இன்னொரு ஆடுதான் பாதுகாப்பு!

எத்தனை ஆடு போனால் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் வேறு. அதை முதலிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது. தகராறு வருவது எல்லாம் இந்த இடத்தில்தான்.

கணக்குத் தெரிந்தவர்கள் இன்னொன்றும் கவனிப்பார்கள். மொத்தம் 23 இடம். புலியும் ஆடும் சேர்ந்து 18. எல்லா ஆடும் உயிரோடு இருந்தால் காலி இடம் ஐந்தே ஐந்து. ஐந்து ஆடு போய்விட்டால் காலி இடம் பத்து. அதற்கு மேல் மூன்று புலிகளையும் அடைப்பது குதிரைக் கொம்பு!

அதனால் கைதேர்ந்தவர் முதல் ஆட்டை நடுவில் வைக்க மாட்டார். மூலையில் வைப்பார். அடிக்கோட்டின் இரண்டு முனை, பக்கவாட்டுக் கட்டத்தின் நான்கு மூலை. இந்த ஆறு இடத்திலும் கோடு முடிந்துவிடுகிறது. தாண்டிப் போக இடமே இல்லை. எப்பேர்ப்பட்ட புலி வந்தாலும் அங்கே உள்ள ஆட்டைத் தொட முடியாது. அப்புறம் அங்கிருந்து ஒவ்வொரு ஆடாக, ஒன்றின் முதுகை ஒன்று தாங்கிக்கொண்டு முன்னேற வேண்டும். பொறுமை இல்லாதவர் ஆடு பக்கம் உட்காரவே கூடாது.

தாயம் மாதிரி இதில் பகடை கிடையாது. "எனக்கு இன்றைக்கு விருத்தமே விழவில்லை" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தோற்றால் முழுக்க முழுக்கத் தன் புத்திதான் தோற்றது. இந்த ஆட்டத்தில் கோபம் அதிகம் வருவதற்கு அதுதான் காரணம்.

பொம்மைச் சிப்பாய்கள்

யாரும் சாகாமல் ஒரு யுத்தம் நடத்திப் பார்க்க வேண்டும் என்ற ஆசை மதுரைக்காரருக்கு மட்டும் வந்தது அல்ல.

யானை, குதிரை, தேர், காலாள் என்ற நான்கு படைகளையும் பலகையில் ஏற்றியதுதான் சதுரங்கம். நம் நாட்டில் பிறந்து, பாரசீகம் வழியாக உலகம் சுற்றி, 2022-ல் மாமல்லபுரத்தில் உலக செஸ் ஒலிம்பியாட்டாகத் திரும்பி வந்தது. அங்கே குதிரை முகத்தோடு, வேட்டி கட்டி நின்ற 'தம்பி' பொம்மை பலருக்கு நினைவு இருக்கும்.

ஜெர்மானியர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1812-ல் ரைஸ்விட்ஸ் என்ற பிரபு, பிரஷ்ய ராஜாவுக்கு ஒரு மேஜையைக் கொண்டுவந்து காட்டினார். மேஜையில் மலை, ஆறு, கிராமம் எல்லாம் இருந்தன. படைகளுக்குப் பதில் சின்னச் சின்னக் கட்டைகள். 1824-ல் அவருடைய மகன், ராணுவ லெப்டினன்ட், அதைப் பெரிய வரைபடத்துக்கு மாற்றினார். ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் நீலம். எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதைப் பகடை சொல்லும். நடுவில் ஒரு மத்தியஸ்தர். பிரஷ்யப் படைத் தலைமைக்கு ஒரே சந்தோஷம். அதிகாரிகள் இதை ஆடிப் பழக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். 1870-71-ல் பிரஷ்யப் படை பிரான்சைத் தோற்கடித்ததும் மற்ற நாட்டு ராணுவங்களும் இந்த மேஜை யுத்தத்தைப் பிடித்துக்கொண்டன.

கண்டுபிடித்த மகன் அதைப் பார்க்க இல்லை. 1827-லேயே தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்துவிட்டார்.

அப்புறம் வந்தவர் எச்.ஜி.வெல்ஸ். கால யந்திரம் கதை எழுதிய அதே இங்கிலாந்து எழுத்தாளர்தான். அவர் வீட்டுக்குச் சாப்பிட வந்த நண்பர் ஒருவர், பொம்மை பீரங்கியை எடுத்து, தரையில் நின்ற பொம்மைச் சிப்பாயைக் குறி பார்த்துச் சுட்டார். உடனே "நான் சுடுகிறேன் பார்" என்று போட்டி! அப்படி ஆரம்பித்தது பெரியவர்கள் தரையில் தவழ்ந்துகொண்டு ஆடுகிற ஆட்டமாக வளர்ந்தது. சட்டதிட்டம் எல்லாம் எழுதி 1913-ல் புத்தகமாகவே போட்டுவிட்டார். அடுத்த வருடம் நிஜ உலக யுத்தம் வந்தது.

மேல்நாடுகளில் இன்றும் விரல் உயரச் சிப்பாய்களுக்கு வர்ணம் பூசி, மேஜையில் நிறுத்தி, நடந்து முடிந்த பழைய யுத்தங்களைத் திரும்ப நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தோற்றுப்போன தளபதியின் நாற்காலியில் ஒரு நண்பர் உட்காருவார். "நான் இருந்திருந்தால் ஜெயித்திருப்பேன்" என்பதை நிரூபிக்க வேண்டும். அதுதான் பந்தயம்!

சமம் இல்லாத சண்டை

சதுரங்கத்தில் இவருக்கு 16 காய், அவருக்கும் 16 காய். பிரஷ்ய மேஜையிலும் அந்தப் பக்கம் பட்டாளம் என்றால் இந்தப் பக்கமும் பட்டாளம். ஆடு புலி ஆட்டத்தில் அந்தக் கதையே கிடையாது. ஒரு பக்கம் பலம். இன்னொரு பக்கம் எண்ணிக்கை. ஒருவர் கொல்லலாம், இன்னொருவர் கொல்லவே முடியாது, அடைக்கத்தான் முடியும். இரண்டு பேருக்கும் சட்டமே வேறு வேறு.

நேபாளத்தில் இதே குடும்பத்தைச் சேர்ந்த 'பாக் சால்' ஆடுகிறார்கள். அங்கே 4 புலி, 20 ஆடு, 25 இடம். ஐரோப்பாவில் ஒரு நரியும் பல வாத்துகளும். ஆளும் மிருகமும் மாறினாலும் கதை ஒன்றுதான்.

மதுரைச் சமவெளியில் இந்தக் கதைக்கு அர்த்தம் சொல்லித் தர வேண்டியது இல்லை. அறுவடை முடிந்த வயலில் ராத்திரி கிடை போடுகிற கீதாரிகளைக் கேட்டால் சொல்வார்கள். சிதறி நிற்கிற ஆடுதான் போகும். சேர்ந்து நிற்கிற ஆட்டை நரிகூடத் தொடாது.

மதுரைக் கோட்டையில் அடைபட்ட புலி

பெரிய அளவில் இப்படி ஒரு ஆட்டம் மதுரையிலேயே நடந்திருக்கிறது. பலகை, மதுரைக் கோட்டை!

வெளி வீதிகளில் பஸ்சில் போகிறவர்கள், அந்தப் பலகையின் ஓரக்கோட்டில்தான் போய்க்கொண்டு இருக்கிறார்கள். அங்கேதான் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். அந்த வேலையில் இருந்த மாரட், பெருமாள் மேஸ்திரி இரண்டு பேருடைய பெயரும் வீதிப் பெயராக நிற்கிறது. பெரியார் பஸ் நிலையம் பக்கத்தில் ஒரு கொத்தளம் மட்டும் மிச்சம்.

அந்தக் கோட்டைக்குள் ஒரு புலி இருந்தது. பெயர் முகமது யூசுப்கான். ஜனங்கள் சொன்ன பெயர் கான்சாகிப். ராமநாதபுரம் சீமைப் பனையூரில் பிறந்தவர். மருதநாயகம் என்பதும் இவரே என்பார்கள். கம்பெனிச் சிப்பாய்களுக்குத் தளபதியாக உயர்ந்து, மதுரை - நெல்லைச் சீமைகளைத் தன் கையில் வைத்திருந்தார். ஆற்காடு நவாப்புக்கு அது பிடிக்கவில்லை. கம்பெனிக்கும் சந்தேகம் வந்தது. 1763-ல் முட்டிக்கொண்டது.

நவாப் படையும் கம்பெனிப் படையும் வந்து மதுரையைச் சூழ்ந்தன. ஐப்பசி மழை கொட்டியது. முற்றுகையை விட்டுவிட்டுப் போனார்கள்.

1764-ல் திரும்ப வந்தார்கள். ஜூன் மாதம் சுவரைப் பீரங்கியால் உடைத்து, உள்ளே ஏறப் பார்த்தார்கள். கான்சாகிப்பின் ஆட்கள் விடவில்லை. ஏறியவர்களை அடித்துத் தள்ளினார்கள். மேஜர் பிரஸ்டன் படுகாயம் அடைந்து இறந்தார்.

அதாவது, புலிக்குப் பக்கத்தில் போன ஆடுகள் வெட்டுப்பட்டன!

அதற்கு அப்புறம் மேஜர் கேம்பெல் ஆட்டத்தை மாற்றினார். ஏறி அடிப்பதை விட்டார். அடைக்க ஆரம்பித்தார். சாப்பாடு உள்ளே போகாமல், ஆள் வெளியே வராமல், நாலு பக்கமும் காய் வைத்தார். உள்ளே நாளுக்கு நாள் பசி. எந்த மந்தையிலும் ஆடு பக்கம் உட்காருகிற பெரியவர் செய்வதும் இதேதான்.

முடிவு மட்டும் கட்டத்துக்குள் அடங்கவில்லை. 1764 அக்டோபரில் கூட இருந்தவர்களே அவரைப் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள். திவான் சீனிவாசராவ், வைத்தியர் பாபா சாகிப், பிரெஞ்சுக்காரர் மார்ச்சந்த். தொழுகையில் இருந்தபோது கட்டிப் போட்டார்கள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அக்டோபர் 15-ந் தேதி தூக்கு. சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலம் இருக்கிறது.

ஆடு புலி ஆட்டத்தில் ஒரு புலி இன்னொரு புலியைக் காட்டிக் கொடுக்காது. அது ஒன்றுதான் வித்தியாசம்.

டைல்ஸ் போட்டதும் போச்சு

கீழடியில் தோண்டியபோது நூற்றுக்கணக்கான சுடுமண் சில்லுகளும், விளையாட்டுக் காய்களும், பகடைகளும் வெளியே வந்தன. வைகைக் கரைக்காரர்களுக்கு ஆட்டப் பைத்தியம் இன்று நேற்று வந்தது அல்ல என்பதற்கு அது சாட்சி. 2023-ல் திறந்த கீழடி அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்க்கலாம்.

மண்ணுக்குள் இருந்தது தப்பித்தது. மேலே இருப்பதற்குத்தான் ஆபத்து!

கல்லில் வெட்டிய கட்டங்கள் தமிழ்நாட்டில் பல கோயில் மண்டபத் தரைகளிலும், குன்றுப் பாறைகளிலும் இருக்கின்றன. எந்தக் காலத்தில் வெட்டியது என்று கோட்டை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. பக்கத்தில் ஆயிரம் வருடத்துக் கல்வெட்டு இருக்கும்; கட்டம் போன தலைமுறையில் வெட்டியதாக இருக்கும். அதனால் கல்வெட்டுக்கு உள்ள மரியாதை கட்டத்துக்குக் கிடையாது. திருப்பணி என்று தரையை மாற்றினால் முதலில் போவது அதுதான். சாவடியை இடித்து சமுதாயக் கூடம் கட்டினால் போகும். மந்தை மேடைக்கு டைல்ஸ் ஒட்டினால் போகும். போனதற்கு ரசீதும் கிடையாது.

சென்னையில் 'கிரீடா' என்ற நிறுவனம் இந்த மாதிரிப் பழைய ஆட்டங்களைப் பெட்டியில் போட்டு விற்கிறது. செல்போனிலும் ஆடு புலி ஆட்டம் வந்துவிட்டது. நல்ல காரியம்தான். குழந்தைகளுக்குச் சட்டமாவது தெரிய வரும்.

ஆனால் கட்டத்தைவிடப் பெரிய நஷ்டம் எதிர் ஆள்தான். நாற்பது வருடம் ஒரே மேடையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்த ஜோடிகள் கிராமங்களில் உண்டு. இவர் முதல் புலியை எங்கே நகர்த்துவார் என்று அவருக்குத் தெரியும். அவர் எந்த மூலையில் ஆடு வைப்பார் என்று இவருக்குத் தெரியும். ஒருவர் கண்ணை மூடிவிட்டால் மற்றவர் மந்தைக்கு வருவதையே குறைத்துவிடுகிறார். வீட்டில் பேரன் செல்போனை நீட்டுகிறான்.

"தாத்தா, இதுலேயே ஆடலாம். ஆளே வேண்டாம்."

தாத்தா ரெண்டு ஆட்டம் ஆடுவார். செல்போன் வெற்றிலை கேட்காது. தோற்றால் முறைக்காது. "பார்த்து வைய்யா, கண்ணு தெரியலையா?" என்று திட்டாது. திருப்பிக் கொடுத்துவிடுவார்.

மதுரை டவுனிலும் கடை அடைக்கிற நேரத்தில் படிக்கட்டில் கரியால் கட்டம் போட்டு, சோடா மூடியை ஆடாகவும், ஓட்டுச் சில்லைப் புலியாகவும் வைத்து ஆடுகிறவர்கள் இன்னும் அங்கங்கே உண்டு. காலையில் வாசல் தெளிக்கும்போது கட்டம் அழிந்துவிடும். சாயங்காலம் திரும்பப் போட வேண்டும். அதற்கு ஒரு நிமிஷம் போதும்.

கடைசி பஸ் வருகிறவரைதான் ஆட்டம். பஸ் வந்துவிட்டால் யார் கை ஓங்கி இருந்தாலும் எழுந்துவிட வேண்டும். மூடிகளை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு ஓடுகிறபோதே நாளைய ஆட்டம் முடிவாகிவிடும்.

"இன்னைக்கு நான்தானே ஆடு? நாளைக்கு நீ ஆடு. மறந்துராதே!"